காதில் வைத்த பஞ்சு

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் இரத்த அழுத்தமும் உன் மனைவியின் முழங்காலும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். தொலைபேசியில் பேசலாமே என்று போன கடிதத்திலும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் நீ "ம்" என்கிறாய். அது ஆமாவா இல்லையா என்று எனக்கு விளங்குவதில்லை. கடிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி அனுப்ப முடியாது. ஆகவே கடிதமே எழுது.

முந்தாநாள் காலம் தவறி ஒரு மழை பெய்தது. மறுநாள் காலை, தைக்கக் கொடுத்திருந்த தலையணை உறைகளை வாங்கத் தையற்காரர் வீட்டுக்குப் போனேன். இரண்டு வீடு தள்ளி, பள்ளத்தில் இருக்கிறதே, அந்த வீடுதான். வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே முழங்கால் அளவுக்குச் சாக்கடைத் தண்ணீர். தையல் இயந்திரம் மேசைமேல், மேசை செங்கல்மேல். தொட்டிலை விட்டத்தோடு ஒட்டினாற்போல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மருமகள் தண்ணீரில் நின்றுகொண்டு, கையை உயர்த்தி அதை ஆட்டிக்கொண்டிருந்தாள். பால் பொங்கிவிட்டது என்று சொல்வதைப் போல, "ஒவ்வொரு மழைக்கும் இப்படித்தாம்மா" என்றாள். இத்தனை வருடம் இதே தெருவில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. உன் அத்தான் இருந்தவரை மழை நாளில் என்னை வாசற்படி தாண்ட விட்டதில்லை. அவர் போன பிறகு நானும் தாண்டியதில்லை.

அன்று மாலையே தெருக்காரர்களைக் கூட்டினேன். குழு அமைத்தாயிற்று. தலைவி யார் என்று நீ கேட்கமாட்டாய். அடுத்த மழைக்காலத்துக்குள் இந்தச் சாக்கடையைத் தோண்டி அடைப்பை எடுக்கவேண்டும் என்று நகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். தையற்காரரின் வெட்டுத் துணிதான் அடைத்திருக்கும் என்பது என் கணிப்பு. அவரிடமே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நம் வீட்டைத் தாண்டிய பிறகு சாக்கடை காய்ந்து, சுத்தமாகக் கிடக்கிறது. ஒழுங்கான வீட்டுக்கு அப்பால் அப்படித்தானே இருக்கும்.

இங்கே இந்தச் சாக்கடை கட்டியபோது நகராட்சிப் பொறியாளராக இருந்தவன் நீ. மனுவில் என்ன கேட்கவேண்டும் என்று எழுது.

மழை வந்தால் என் காதில் கேட்கும் இரைச்சல் முந்தாநாளும் வந்தது. அம்மா இருந்த முன்னறையில் உட்கார்ந்து எழுதும்போதுதான் அதிகம்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது.

உங்கள் கடிதம் கண்டேன். நல்ல முயற்ச்சி. ஆனால் தோண்டச் சொல்வது வம்பு. தோண்டினால் பாதியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், தெரு இன்னும் மோசமாகும். மேல்முனையில் தூர்வாரச் சொன்னால் போதும். அதைவிட, உங்கள் தெருவில் விளக்குகள் சரியில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதைக் கேளுங்களேன். விளக்கென்றால் உடனே போட்டுத் தருவார்கள். தெருவுக்கும் உங்கள்மேல் ஒரு நம்பிக்கை பிறக்கும்.

காது இரைச்சல் வயதால் வருவது. ஈரக்காற்று பட்டால் கூடும். அத்தான் விடுவாரே, அதே சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். கவலைப்பட ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமே விழைகிறேன். "முயற்ச்சி" என்று எழுதியிருக்கிறாய். அந்த ச் எதற்கு? இத்தனை வயதுக்குப் பிறகும் உனக்குச் சிவப்பு மை தேவைப்படுகிறது.

விளக்கு வேண்டாம். தண்ணீருக்குள் நிற்கிறவளுக்கு விளக்குப் போட்டுக் காட்டுவதா?

மனுவை எழுதி முடித்துவிட்டேன். கான்வென்ட்டில் எங்கள் மதர், கேட்பதைக் கெஞ்சாமல் கேள் என்பார். அப்படியே கேட்டிருக்கிறேன். ஒன்று, தோண்டுவதை என் வீட்டு வாசலிலிருந்து தொடங்கவேண்டும். தலைவி வீட்டுக்குச் சலுகை என்று நாளை யாரும் பேசக்கூடாது. இரண்டு, அடைப்பு யாருடையதாக இருந்தாலும், நோட்டீஸ், தவணை என்று இழுக்காமல் இடித்து எடுக்கவேண்டும். மூன்றாவது எனக்கே பிடித்தது: அடைத்தவர் எவரோ அவர் தெருவறிய, தண்ணீர் புகுந்த வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கவேண்டும்.

கூட்டத்தில் இதைப் படித்தபோது ஒரு சத்தமில்லை. சலூன்காரர் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார். என் எழுத்து அவ்வளவு அழுத்தமாக இருந்திருக்கிறது. தையற்காரர் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "நல்லா யோசிச்சுத்தான் எழுதியிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். குற்றமுள்ள மனசு என்று நினைத்துக்கொண்டேன். "யோசிக்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை" என்றேன். எனக்கு அடுத்து அவர்தான் கையெழுத்திட்டார்.

நீ சொன்னபடி மருந்து வாங்கினேன். எரிகிறது. உன் அத்தான் விடும் மருந்து எரியாது, இளஞ்சூடாக இருக்கும். மழை வந்தால் எதிரே உட்கார்ந்து, என் தலையைச் சாய்த்து, சொட்டுச் சொட்டாக விட்டுப் பஞ்சு வைத்துப் போர்த்திவிடுவார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, அச்சகத்தில் காகிதக் கட்டுகள் நனைந்துவிடும் என்று ஓடுவார். பிழை திருத்துகிறவருக்குக் காகிதக் கட்டோடு என்ன வேலை என்று நான் கேலி செய்வேன். நனைந்து, சேற்றுக் காலோடு திரும்புவார்.

ஒன்று கேட்கவேண்டும். முன்னறை கட்டும்போது, சாக்கடை நம் வீட்டுக்கு முன்பே எதிர்ச்சாரிக்கு மாறிவிடுகிறது என்று நீதான் சொன்னாய். எந்த இடத்தில் மாறுகிறது? நினைவிலிருந்து ஒரு படம் வரைந்து அனுப்பு. தோண்டுகிறவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
அக்கா


மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். இங்கே வெயில் கடுமை. அங்கே எப்படி?

நீங்கள் இங்கே வந்து இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம். உங்களுக்காகக் கீழ் அறையை ஒழித்து வைத்திருக்கிறோம். தெரு வேலையை இளையவர்கள் பார்க்கட்டும். இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இந்த அலைச்சல்?

வீட்டு வாசலில் மட்டும் தோண்ட விடாதீர்கள் அக்கா. பழைய அஸ்திவாரம். ஆட்டம் கண்டுவிடும்.

உங்கள் தம்பி


ஜூன் 1

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அழைப்புக்கு நன்றி. மழைக்காலம் கழிந்து வருகிறேன்.

நகராட்சி வாசலில் உட்கார்ந்தோம். நானும்தான். வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுபோய் உட்கார்ந்தேன். தரையில் உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும். தையற்காரரின் மருமகள் குழந்தையோடு வந்தாள். அதிகாரி என்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்குள்ள தண்ணி வருதாம்மா?" என்றார். வரவில்லை என்றேன். "அப்புறம் ஏன் நீங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு அவர் பதிலே எதிர்பார்க்கவில்லை, தம்பி. அதுதான் எனக்கு அதிர்ச்சி. முடிந்தால் என்னை இங்கிருந்து எழுப்பிப் பாருங்கள் என்றேன். கடைசியில் ஓவர்சியரை அனுப்புவதாக எழுதிக் கொடுத்தார்கள். எழுதியதில் பிழை இருந்தது. திருத்தி வாங்கிக்கொண்டேன்.

தெரு எனக்கு வைத்திருக்கும் பெயர் ஹெட்மிஸ்ட்ரஸ் என்பது அன்றுதான் தெரிந்தது. ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்காதவள் நான்.

அஸ்திவாரத்தைப் பற்றிக் கவலைப்படாதே. உன் அத்தான் கட்டிய அறை. அச்சில் ஒரு புள்ளி இடம் மாறினால் தூங்காத மனிதர், செங்கல்லில் தப்புச் செய்திருப்பாரா?

படம் இன்னும் வரவில்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை.

அன்புடன்,
அக்கா


ஜூன் 19

தம்பி,

உன் நலம் விசாரிக்க இன்று என்னால் முடியவில்லை.

காலையில் ஓவர்சியர் ஆட்களோடு வந்தார். மனுவில் இருந்தபடி என் வாசலில் தொடங்கினார்கள். தெருவே கூடி நின்றது. நான் முன்னறை மேசையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியிருந்த பலகைக் கற்களைப் பெயர்த்தார்கள். சாக்கடை எதிர்ச்சாரிக்கு எங்கும் மாறவில்லை. தையற்காரர் வீட்டுப் பக்கமிருந்து ஆள் இறங்கி நிற்கும் அகலத்தில் நேராக வருகிறது, என் சுவருக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. அங்கே ஒரு குழாய். ஒரு சொம்புகூட நுழையாது. அது எங்கே போகிறது என்று பார்க்க, ஓவர்சியர் ஒரு பீப்பாய்த் தண்ணீரைக் கவிழ்க்கச் சொன்னார்.

வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மேகம் இல்லை. என் காதில் இரைச்சல் வந்தது.

அதே இரைச்சல், தம்பி. அதே முணுமுணுப்பு, முடிவில் அதே விக்கல். நான் வழக்கம்போல் கையைக் காதுக்குக் கொண்டுபோனேன். பிறகு கையை எடுத்துவிட்டுக் குனிந்தேன். இந்த வயதில் தரையில் படுத்துக் காதை வைத்துக் கேட்டேன். தரைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. எழ முடியவில்லை. சலூன்காரர் வந்து தூக்கிவிட்டார்.

ஓவர்சியர் கேட்டார்: "இந்தக் குழாயை யாரும்மா போட்டது?"

நான் தெருவைப் பார்த்தேன். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கூட்டத்தில் அன்று ஏன் சத்தமில்லை என்று அப்போது விளங்கியது. தெருவுக்கே தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. உனக்கு?

அக்கா


ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நமஸ்காரம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? தரையில் படுத்து எழுந்ததில் அடி ஏதும் படவில்லையே?

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. எழுத உட்காருகிறார், எழுந்துவிடுகிறார். என்னவென்று கேட்டால் "ம்" என்கிறார். அந்த "ம்" உங்களுக்குத் தெரியும்.

நான் ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அத்தைக்குக் கால் விழுந்துவிட்டபோது, இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்று சொன்னது நான்தான். அவர் இல்லை. இரண்டு அறை, இரண்டு கைக்குழந்தை. உங்கள் வீட்டில் படுக்கை எல்லாம் மாடியில். அத்தானும் இவரும் வாசலில் நின்று வெகுநேரம் பேசினார்கள். முன்னால் ஓர் அறை எடுத்தால் அத்தையைக் கீழேயே வைத்துக்கொள்ளலாம் என்று அத்தான் சொன்னார். முன்னால் என்ன இருந்தது என்று எனக்கும் அன்று தெரியும். அத்தைக்கு இடம் கிடைத்ததே என்று நான் வாயைத் திறக்கவில்லை.

அவரைக் கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் அன்புள்ள,
தம்பி மனைவி


ஜூலை 12

தம்பிக்கு,

எனக்கு அடி எதுவும் இல்லை என்று உன் மனைவியிடம் சொல். அவள் எழுத்தில் ஒரு பிழைகூட இல்லை என்றும் சொல். அந்த வீட்டில் அவளாவது எழுதினாள்.

முன்னறையை இடிக்கச் சொல்லிவிட்டேன். மூன்று மாதம் தவணை வாங்கிக்கொள்ளலாம், நகராட்சிக்கே அனுதாபம் இருக்கிறது என்றார் ஓவர்சியர். மனுவில் தவணை கூடாது என்று எழுதியிருப்பதை எடுத்துக் காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டார்.

மூன்றாவது நிபந்தனையும் நான் எழுதியதுதான். அதையும் நிறைவேற்றினேன். இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, தெருவில் ஆட்கள் நடமாடும் நேரமாகப் பார்த்துத் தையற்காரர் வாசலில் போய் நின்றேன். வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். "உங்கள் துணியை நான் குறை சொன்னேன்" என்பது மட்டும்தான் வந்தது. அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து, முக்காலியை வாசலில் போட்டார்.

"உக்காருங்கம்மா. ஹெட்மிஸ்ட்ரஸ் நின்னா நாங்களும் நிக்கணும்ல" என்றார்.

ஏன் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எப்படிம்மா சொல்றது? மழை விழுந்தா சார் குடையோட வந்துடுவாரு. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வாளியால எறைப்பாரு, தண்ணி வடியிற வரைக்கும். வேணாம் சார்னா கேக்கமாட்டாரு. அவ தூங்குறா, எழுந்திரிக்கறதுக்குள்ள முடிச்சுடணும்பாரு. அவரு போன பெறகு நாங்களே எறைச்சுக்கிட்டோம்."

அச்சகத்துக் காகிதக் கட்டு! அந்தச் சேற்றுக் காலை நான் எத்தனை முறை கழுவிவிட்டிருக்கிறேன், தம்பி. தையற்காரர் வீட்டுச் சேறு என்று தெரியாமல்.

நான் திரும்பி நடந்தேன். வழியில் சலூன்காரர் எழுந்து நின்றார். இருமவில்லை.

அறை போனால் போகிறது. உங்கள் சாக்கடைக் கணக்கும் எனக்கு வேண்டாம். ஒன்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும். காது என்று என்னை நம்பவைத்தது யார்? மார்ச் மாதம்கூட நீ எழுதினாய், ஈரக்காற்று என்று. எரிகிற மருந்தை வாங்கி நான் என் நல்ல காதில் விட்டுக்கொண்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

குழாய் போட்டது நான். சாக்கடை எதிர்ச்சாரிக்கு மாறுகிறது என்று அலுவலக வரைபடத்தில் கோடு போட்டதும் நான். அம்மா இருக்கும்வரைதான், பிறகு இடித்துவிடலாம் என்று அத்தானிடம் சொன்னேன். அம்மா போன பிறகு அத்தான் இடிக்கக் கிளம்பினார். அதற்குள் நீங்கள் அங்கே மேசையைப் போட்டு, இந்த வீட்டிலேயே வெளிச்சம் உள்ள அறை இதுதான் என்று சொல்லிவிட்டீர்களாம். அவருக்கு மனசு வரவில்லை.

"சத்தம் கேட்கிறது என்கிறாள், என்ன சொல்ல?" என்று அவர் என்னிடம் கேட்டார். "காது என்று சொல்லிவிடுங்கள்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல காதில் மருந்து விட அவர் பயந்தார். அந்தக் குப்பியில் இருந்தது காய்ச்சி ஆறவைத்த வெந்நீர், அக்கா. வேறு எதுவும் இல்லை.

நகராட்சிக்கு எழுதிவிட்டேன், கோடு போட்டது நான் என்று. என்ன செய்கிறார்களோ செய்யட்டும்.

உங்கள் தம்பி


அக்டோபர் 17

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் உன் மனைவியும் நலமாக இருக்கவேண்டும். உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் எழுத மேசை இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் வாக்கியம் இல்லை.

முன்னறை இருந்த இடத்தில் இப்போது சாக்கடை ஓடுகிறது. அகலமாக, மேலே புதுக் கற்கள். இடித்த அன்று தெருவில் ஒருவர் விடாமல் வந்து, என் புத்தகங்களைக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். வரிசை மாற்றி வைத்துவிட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சலூன்காரர், "திட்டுங்கம்மா, என்னவோ போல இருக்கு" என்றார்.

உன் கடிதத்தை ஓவர்சியர் எனக்குக் காட்டினார். மேலே அனுப்பியிருப்பதாகச் சொன்னார். அதில் பிழை ஏதும் இல்லை.

காது வைத்தியரிடம் போனேன். கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, என் வயதில் இப்படிக் காது கேட்கும் ஆள் அபூர்வம் என்றார். இத்தனை வருடமும் நன்றாகத்தான் கேட்டிருக்கிறது. சேற்றுக் காலோடு அவர் திரும்பும்போது வாளியை வைக்கும் ஓசைகூடக் கேட்கும். பஞ்சு வைத்திருக்கிறோமே, நினைப்பாக இருக்கும் என்று புரண்டு படுத்துவிடுவேன்.

நேற்று இந்தப் பருவத்தின் முதல் பெருமழை. பழக்கத்தில் பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதியில் குடையை எடுத்துக்கொண்டு தையற்காரர் வீட்டுக்குப் போனேன். வாளியும் கொண்டுபோனேன். தரை காய்ந்து கிடந்தது. தொட்டில் இறங்கித் தொங்கியது. மருமகள் தரையில் உட்கார்ந்து, காலால் அதை ஆட்டிக்கொண்டிருந்தாள். என் வாளியைப் பார்த்துவிட்டு அவள் சிரிக்கத் தொடங்கினாள். பிறகு நிறுத்திவிட்டு எழுந்து, ஏதோ சொல்லிக்கொண்டே அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அவள் சொன்னது என் காதில் சரியாக விழவில்லை. அப்போதுதான் பஞ்சு நினைவு வந்தது. எடுத்தேன். தெரு முழுக்க அதே சத்தம். எல்லாருக்கும் கேட்டது.

மழைக்காலம் கழிந்து நான் வருவதாகச் சொல்லியிருந்தேன். வரவில்லை. நீ வா. கூடத்தில்தான் படுக்கவேண்டும், கீழே வேறு அறை இல்லை. மழை இருக்கும்போதே வா. குழாய் போட்டவனும் அந்த வாசலில் ஒரு முறை நிற்கவேண்டும். நானும் கூட வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
அக்கா